நான்கு டயர்களின் முழுச் சுயவிவரம்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, வாகனத் தகுதிச் சோதனைக் களத்தில் முப்பத்தேழு வண்டிகள் வரிசையில் நின்றன. கடைசி வண்டியின் பெயர் தேரை. பதிவுப் புத்தகத்தில் அதற்கு ஓர் எண்ணும் ஒரு கம்பெனிப் பெயரும் உண்டு. ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு அதைத் தேரை என்றே சொன்னார்கள். இரண்டே கதவு, பாசி நிறம், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வயிறு. யாரோ கனமான ஆள் மேலே உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோனது போன்ற ஒரு தோற்றம்.

வண்டியின் சொந்தக்காரர் அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநர். அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறார். வீட்டில் மளிகைச் சீட்டை எழுதிக் கொடுத்தால்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் வாங்குவார். ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருடைய கால்கள் நடப்பதை நிறுத்திக்கொண்டன. அதன்பின் சக்கர நாற்காலி.

தேரை தாழ்ந்திருப்பது அழகுக்காக அல்ல. நாற்காலியின் இருக்கையும் காரின் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இருந்தால், ஒரு கையை ஸ்டியரிங்கிலும் மறு கையை நாற்காலியிலும் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினால் உள்ளே போய்விடலாம். பிறகு நாற்காலியை மடக்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையால் இயக்கும் பிரேக்கோடு பதினாலு கிலோமீட்டர் போய் அச்சகத்தில் இறங்கலாம். யாரையும் தூக்கச் சொல்ல வேண்டாம். அந்த மட்டம் தேரைக்கு வந்ததே அதன் சக்கரங்களால்தான். பன்னிரண்டு அங்குலச் சக்கரம். அதன் மேல் ரப்பர்ச் சுவர் குட்டையான டயர். இப்படிச் சுவர் குட்டையான டயருக்குக் கடைக்காரர்கள் லோ புரொஃபைல் டயர் என்று சொல்வார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அரசாங்கம் வைத்துக்கொண்டது.

ஆய்வாளர் ஒரு சின்னக் கம்பியை டயரின் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். விடுவதற்குப் பள்ளம் இல்லை. அவர் இளகிய மனம் படைத்தவர். யாருக்குச் சான்று மறுத்தாலும் வருத்தத்தோடுதான் மறுப்பார். நாலும் மொட்டை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, இருபத்தெட்டு நாள் அவகாசம் எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் அதே அளவில் நான்கு புது டயர். அளவு மாறினால் அதற்குத் தனி மனு. எதுவும் இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வந்தால், வண்டி அவர்களிடம் இருக்கும்.

திருத்துநரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, டயர்க் கடையில்தான் வேலை பார்த்தான். அதனால் குடும்பத்தில் யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் கடைக்குப் போனதும் கவலை தொடங்கியது.

கடையில் கூரை வரை டயர்கள். மச்சினன் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்காட்டி விளக்கினான். நாகரிகம் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதைவிட வேகமாகச் சக்கரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. பதினேழு, பத்தொன்பது, இருபது அங்குலம். அந்தப் பெரிய சக்கரங்களுக்குக் குட்டை டயர் வேண்டிய மட்டும் கிடைக்கும். சின்னச் சக்கரத்துக்கு உயரமான டயர்தான் செய்கிறார்கள்.

"சின்னச் சக்கரத்துக்குக் குட்டை டயர்?" என்று கேட்டார் திருத்துநர்.

"அது ஃபேஷன் இல்ல மாமா. அது கோரிக்கை."

மச்சினனின் சொந்தக் கார் இருபது அங்குலச் சக்கரத்தில் நின்றது. டயர் இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கறுப்புக் கோடு போட்டது போலிருக்கும். ரோட்டில் பள்ளம் என்று ஒன்று இருந்தால் கோடு அறுந்துவிடும். போன வருடத்தில் அந்தக் கார் தானாக ஓடிய தூரத்தைவிட, லாரி மேல் ஏறிப் போன தூரம் அதிகம். அது பற்றி அவனுக்கு வருத்தமில்லை. லாரி மேல் நிற்கும்போது சக்கரம் எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது.

உயரமான டயரையே போட்டுவிட்டால் என்ன என்று அவன் கேட்டான். கார் ஒன்றரை அங்குலம் உயரும், அவ்வளவுதானே, ஒரு மனு எழுதினால் முடிந்தது.

அன்று மாலை திருத்துநரின் மனைவி அந்த ஒன்றரை அங்குலத்தைச் சோதித்துப் பார்த்தாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள். கட்டில் நாற்காலிக்குச் சரிமட்டம். அச்சகம் ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்த அலுவல் கலைச்சொல் தொகுதி நான்கு பாகங்களையும் எடுத்து, கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பாகமாக வைத்தாள். அளந்தாள். ஒன்றரை. அந்தத் தொகுதி ஒரு வேலைக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இறங்க வந்தது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஏற வரவில்லை. மூன்றாவது முயற்சியில் திருத்துநர் இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் இன்னொரு மெத்தை போட்டுப் பார்த்தார்கள். முழங்கால் அச்சகத்து மேஜைக்கு அடியில் போகாத உயரத்துக்கு வந்துவிட்டது.

மனைவி அவருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டபடி சொன்னாள்: "அப்ப ஒன்றரை அங்குலம்னா பதினாலு கிலோமீட்டர்னு அர்த்தம்."

மச்சினனுக்கு அக்காவின் குரல் தெரியும். மூன்று நாள் உட்கார்ந்து தேடினான். தூர தேசத்தில், சின்னக் கார்களை வைத்துப் பந்தயம் விடுபவர்களுக்காக, ஒரு சின்னத் தொழிற்சாலை இதே அளவை இன்னமும் செய்துகொண்டிருந்தது. 165/55 R12. நான்கு டயர் தருகிறோம், ஒரே வாரத்தில் வந்துவிடும் என்று பதில் போட்டார்கள். ஒரே ஒரு தாள் மட்டும் வேண்டும்: சந்தைப் பட்டியலில் இல்லாத டயரைத் தருவிக்க உள்ளூர் அலுவலகத்தின் அனுமதி.

அனுமதி, சோதனைக் களத்தை ஒட்டிய வாகன அலுவலகத்தில், மூன்றாம் கவுண்டரில். அங்கே இருந்த எழுத்தர் அம்மையார் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். எரிந்து விழுபவர் அல்ல. அவர் உதவி செய்ய ஆரம்பித்தால்தான் மனுதாரர்கள் பயப்படுவார்கள்.

என்ன டயர் என்று கேட்டார். லோ புரொஃபைல் டயர் என்றார் திருத்துநர். அலுவல் மொழியில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வாங்காது என்றார் அம்மையார். குட்டைச் சுவர் டயர் என்று போட்டுக்கொள்ளுங்களேன் என்றார் இவர். ஆளுக்கு ஒரு சொல் போட்டுக்கொண்டால் அலுவலகம் என்ன ஆவது என்று சிரித்துவிட்டு, அம்மையார் கலைச்சொல் தொகுதியின் மூன்றாம் பாகத்தை எடுத்துப் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார்.

"குறைந்த சுயவிவர உருள்பட்டை."

திருத்துநர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அம்மையார் படித்தார். அதேதான் வந்தது.

படித்த பிறகு அவர் முகம் மாறியது. விதிப் புத்தகத்தை எடுத்தார். விதி பதினேழு, உட்பிரிவு நான்கு: குறைந்த சுயவிவரத்துடன் வரும் எந்த விண்ணப்பமும் ஏற்கப்படலாகாது, முழுச் சுயவிவரம் பெற்று இணைக்கப்படல் வேண்டும்.

"டயருக்கா மேடம்?"

"எந்த விண்ணப்பமும்னுதான் போட்டிருக்கு சார். ஆளுக்குன்னு போடல. போடாததை நானா சேர்க்க முடியுமா?"

"டயரோட சுவர் குட்டைங்கிறதைத்தான் அப்படிச் சொல்றாங்க."

"நான் ஒண்ணும் உங்க டயரைத் தப்பா சொல்லல சார். விவரம் குறைச்சலா இருக்கு, நிறைவா கொடுங்கங்கறேன். அவ்வளவுதானே?"

ஒரு டயருக்கு ஒரு படிவம், ஆக நான்கு படிவம் கொடுத்தார். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னார். பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, தாய்மொழி, கல்வித் தகுதி, மதிப்பெண், அங்க அடையாளம், முன்பு இருந்த இடத்தில் நடத்தை.

திருத்துநர் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். தவறு டயரில் இல்லை, சொல்லில் இருக்கிறது. சொல்லைத் திருத்துவது அவர் தொழில். சொல்லாக்கப் பிரிவு அச்சகத்துக்கு எதிர்க் கட்டடத்திலேயே இருந்தது.

பிரிவின் தலைவர் நாளொன்றுக்கு நாற்பது சொற்கள் ஆக்கக் கடமைப்பட்டவர். மாலை ஐந்துக்குள் நாற்பது ஆகவில்லையென்றால் மீதியை மறுநாள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். புரொஃபைல் என்பதற்குச் சுயவிவரம் என்று முதல் பாகத்திலேயே முடிவாகிவிட்டது; ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான்; இரண்டு பொருள் வைத்தால் கோப்பு நகராது என்று விளக்கினார். இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம் என்று அந்தப் பக்கத்தின் மெய்ப்புத் தாளை வரவழைத்தார்.

தாள் வந்தது. அச்சுக்கோத்தவர் 'குறைந்தச் சுயவிவர உருள்பட்டை' என்று கோத்திருந்தார். நடுவில் இருந்த 'ச்' மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. கவனிக்கவும். கீழே சுருக்கொப்பம்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் தலைவர்.

திருத்துநர் தாளை வாங்கிப் படித்தார். அந்தப் பக்கத்தில் பிழை இருந்தது. அவர் கண்டுபிடித்தும் இருந்தார். வேறு பிழையை.

தலைவர் ஆறுதலாகப் பேசினார். சொல்லைத் திருத்த வழியில்லாமல் இல்லை. அச்சில் வந்த தவறு யாரால் நேர்ந்தது என்று எழுத்தில் கொடுத்தால் அன்றே திருத்திவிடலாம். எழுதிக் கொடுத்தவர் அன்றே பணியிலிருந்து விலக வேண்டும் என்பது விதி.

"ஒரு வகையில உங்களுக்கும் அது சௌகரியம்தான். வேலை இல்லேன்னா கார் வேண்டாம். கார் வேண்டாம்னா டயர் வேண்டாம். டயரே வேண்டாம்னா அதுக்கு ஒரு சொல் எதுக்கு?"

திருத்துநர் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தார். நடந்ததை மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். தன் கையெழுத்தைப் பற்றியும் சொன்னார். தப்பை ஒப்புக்கொள்வதுதான் முறை என்று தோன்றுகிறது என்றார்.

"வேலைய விட்டா நாள் பூரா வீட்டுல இருப்பீங்க," என்றாள் அவள்.

"ஆமா."

"மளிகைச் சீட்டு, நான் அக்காவுக்கு அனுப்புற மெசேஜ், மாத்திரை அட்டையில போட்டிருக்கிறது, எல்லாத்தையும் திருத்துவீங்க."

"கண்ணுல பட்டா திருத்தத்தானே வேணும்."

"அந்த ஃபாரத்தை எடுங்க. டயருக்கு அப்பா பேரு என்னன்னு பாப்போம்."

தொழிற்சாலை நான்கு டயர்களின் பக்கவாட்டுப் படத்தை அனுப்பியிருந்தது. மச்சினனையும் வரவழைத்து, மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். பெயர் சுலபம்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. தந்தை பெயர் அச்சு என்றும் தாய் பெயர் ரப்பர் என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. பிறந்த தேதி டயரிலேயே இருந்தது. எந்த டயரிலும் செய்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். நான்கும் ஒரே வாரம். தாய்மொழிக் கட்டத்தில் மச்சினன் 'கிரீச்' என்று எழுதச் சொன்னான். அது மொழியல்ல, பிரேக் சரியில்லாததன் அறிகுறி என்று திருத்துநர் மறுத்தார். மௌனம் என்று எழுதினார். நடத்தை பற்றித் தொழிற்சாலை மேற்பார்வையாளரே சான்று அனுப்பினார்: இந்நால்வரும் எங்களிடம் இருந்த காலத்தில் ஒரு முறைகூட உருண்டதில்லை.

மற்ற கட்டங்களை அம்மையாரே நிரப்பிக் கொடுத்தார். படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 165/55 R12 என்று டயரின் மேலேயே எழுதியிருக்கும்போது எதற்குத் தெரியாது என்கிறீர்கள் என்று கேட்டார். உயரம் 165. எடை 55. கல்வி 12. அதன் பக்கத்தில் 70 என்று வேறு இருந்தது, மதிப்பெண்.

165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 12 சக்கரத்தின் அங்குலம். 70 டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு என்று திருத்துநர் சொன்னார்.

"சார், பன்னெண்டாவது படிச்சிட்டு எழுபது மார்க் வாங்கியிருக்கு. எதுக்கு மறைக்கிறீங்க? என் பையனே அம்பத்தெட்டுதான்."

முத்திரை விழுந்தது. அனுமதி கிடைத்தது.

நல்ல முன்மாதிரியை எந்த அலுவலகமும் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது: குறைந்த சுயவிவர உருள்பட்டைகள் அனைத்தும், அவை எந்த வாகனத்தில் இருப்பினும், தம் முழுச் சுயவிவரத்தை உடன் வைத்திருத்தல் வேண்டும். பெரிய தெருவில் தடுப்பு வைத்துச் சோதித்தார்கள். முதல் நாள் பிடிபட்டவர்களில் மச்சினனும் ஒருவன். இருபது அங்குலச் சக்கரம், அதில் கோடு போன்ற டயர், ஆனால் டயரின் தாய் பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கார் மறுபடியும் லாரி மேல் ஏறியது.

ஊரில் உள்ள நாகரிகக் கார்கள் எல்லாம் மூன்றாம் கவுண்டர் முன் வந்து நின்றன. முதல் மூன்று நாள் திட்டினார்கள். நான்காம் நாள் ஒருவர் தன் டயர்களின் சுயவிவரத்தை நல்ல தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, கார்க் கண்ணாடியில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் திட்டுவதை நிறுத்தினார்கள். அந்தச் சட்டம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பத்தாம் நாள் மச்சினனின் கடை வாசலில் புதுப் பலகை: இங்கு முழுச் சுயவிவரமுள்ள டயர்கள் மட்டுமே விற்கப்படும். விருந்துகளில் பேச்சு மாறியது. எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பக்கம் என்று கேட்டார்கள். ஒருவருடைய பின் இடது டயருக்கு மட்டும் ஏழு பக்கம் இருந்தது. குட்டை டயர் வாங்க வசதியில்லாதவர்கள் சாதாரண டயருக்கே சுயவிவரம் எழுதி மாட்டிக்கொண்டார்கள். படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து டயர்கள் மார்ச் 29 அன்று வந்து சேர்ந்தன. மச்சினனே ஜாக்கி வைத்துத் தூக்கி மாட்டிக் கொடுத்தான். மனைவி அளந்தாள். திருத்துநர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை மடக்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 1, கடைசி நாள், தேரை மறுபடியும் சோதனைக் களத்துக்குப் போனது. ஆய்வாளரின் கம்பி புது டயரின் பள்ளத்தில் தாராளமாக இறங்கியது. விளக்கு எரிந்தது, ஹாரன் ஒலித்தது, பிரேக் பிடித்தது. ஆய்வாளர் சந்தோஷமாகக் கோப்பைத் திறந்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் பழைய வருத்தம் வந்தது.

"ஒரு சின்ன சங்கடம் சார். உங்க பதிவுப் புத்தகத்துல இந்த வண்டிக்குக் குறைந்த சுயவிவர டயர்னு இருக்கு."

"அதைத்தான் போட்டிருக்கேன்."

"இல்லையே. இது முழுச் சுயவிவரம். அனுமதியிலயே தெளிவா எழுதியிருக்காங்க."

"முழுசா கொடுங்கன்னு கேட்டது நீங்கதானே?"

"கேட்டோம் சார். நீங்க ஏன் இவ்வளவு நிறைவா கொடுத்தீங்க?"

மணி நான்கு. ஐந்தோடு அவகாசம் முடிகிறது. ஆய்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். முன்பே சொன்னபடி அவர் இளகிய மனம் படைத்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். முழுமை என்பது இத்தனை என்று விதியில் இருக்கிறது. குறைவு என்பது எத்தனை என்று எங்கேயும் இல்லை. அதனால் தன் கோப்பில் இருக்கும் படியில் ஒன்றிரண்டு விவரங்களைக் குறைத்துவிட்டால், அது குறைந்ததுதானே என்றார்.

திருத்துநர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நான்கு படிவங்களிலும் தந்தை பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில், தெரிந்தே, சரியாக இருந்த ஒன்றை அவர் அடித்தது அதுவே முதல் முறை. நாலே முக்காலுக்குச் சான்று கிடைத்தது.

மூன்றாம் கவுண்டரில் இருந்த மற்றொரு படியை யாரும் அடிக்கவில்லை. அலுவலகத்துக்கு வரும் முழுச் சுயவிவரம் எதுவாயினும் அதன் ஒரு படி பணியமர்த்தல் பிரிவுக்குப் போக வேண்டும். அம்மையார் அனுப்பிவைத்தார். அவர் எதையும் விட்டுவைப்பவர் அல்ல.

அந்தச் சமயம் அதே அலுவலகத்தில் உதவிப் பரிசோதகர் வேலைக்கு நான்கு இடம் காலியாக இருந்தது. அறுநூற்றுப் பதினோரு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மச்சினனும் விண்ணப்பித்திருந்தான், டயர்க் கடையில் எத்தனை நாள்தான் இருப்பது என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்த அறுநூற்றுப் பதினோரு பேரும் எங்காவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். உடல் தகுதியில் சிலர் குள்ளம், பலர் பருமன். எல்லாக் கட்டமும் நிரம்பி, உயரம் 165, எடை 55, பன்னிரண்டில் எழுபது மதிப்பெண், நன்னடத்தைச் சான்று, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாத விண்ணப்பங்கள் நான்கே நான்குதான் இருந்தன. வயது உச்சவரம்பு முப்பத்தைந்து. நான்கும் அதைத் தாண்டவில்லை.

ஜூலை 21, திங்கள்கிழமை, பட்டியல் ஒட்டப்பட்டது. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் மச்சினன்.

அவன் அழாத குறையாக வீட்டுக்கு வந்தான். திருத்துநர் மறுநாளே அம்மையாரிடம் போய், வேலை வேண்டாம், அவை டயர்கள் என்று எடுத்துச் சொன்னார்.

"வேண்டாம்னா விண்ணப்பதாரர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கணும் சார். நீங்க எழுதினா எப்படி? நாளைக்கு அவங்க வந்து, எங்களுக்குத் தெரியாம மறுத்துட்டாங்கன்னா நான் என்ன பதில் சொல்றது?"

சேராமல் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. டயர்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆகவே செப்டம்பர் 1 முதல், தினமும் காலை ஒன்பது ஐம்பதுக்குத் தேரை சோதனைக் களத்துக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மையார் சாளரத்தின் வழியே பார்த்து வருகைப் பதிவேட்டில் நான்கு கோடு போடுவார். பிறகு நால்வரும் களப்பணிக்குப் புறப்பட்டுவிட்டதாக எழுதுவார். சாலையில் ஓடுவதுதான் களப்பணி என்பதால் அதில் பொய் ஒன்றும் இல்லை. திருத்துநர் அந்த வழியே அச்சகத்துக்குப் போவார். பெரிய தெருத் தடுப்பில் இப்போது யாரும் அவரை நிறுத்துவதில்லை. நான்கு உதவிப் பரிசோதகர்கள் வரும் வண்டியைச் சோதிப்பதா, அதற்கு வணக்கம் வைப்பதா என்ற குழப்பம் அங்கிருந்தவர்களுக்கு.

இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. அலுவலகத்தில் நாள் தவறாமல் நேரத்துக்கு வருபவர்கள் அந்த நால்வர் மட்டுமே என்று ஆய்வாளர் தன் அறிக்கையில் எழுதினார். அதனால் மேலிடத்தின் பார்வை அவர்கள் மேல் விழுந்தது. கோப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். நால்வருக்கும் ஒரே தந்தை, ஒரே தாய். ஒரே குடும்பத்தினர் நான்கு பேர் ஒரே அலுவலகத்தில் பணிபுரியக் கூடாது என்பது விதி.

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, பின் வலதுக்கு இடமாற்ற ஆணை வந்தது. இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் அலுவலகம். ஆறு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

மனைவி ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தாள். மீதி மூன்றும் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டாள். இங்கேயே, வழக்கம் போல ஒன்பது ஐம்பதுக்கு வந்தாக வேண்டும் என்றார் திருத்துநர். அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது. ஆணையில் ஒரு பிழையும் இல்லை.

அந்தத் தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டார்கள். இங்கே வந்த சுயவிவர மோகத்தின் சேதி அங்கேயும் எட்டியிருந்தது. இனி இருபது அங்குலம் மட்டுமே செய்வதாகப் பதில் வந்தது.

வியாழக்கிழமை மச்சினனுக்கும் ஒரு கடிதம் வந்தது. காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் என்ற முறையில், காலியாகும் பின் வலது பணியிடத்துக்கு அவன் தேர்வு செய்யப்பட்டிருந்தான். முந்தையவர் ஆற்றிவந்த பணிகள் அனைத்தையும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து ஆற்ற வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கடை முழுக்க இனிப்புக் கொடுத்தான்.

நவம்பர் 17, திங்கள்கிழமை, காலை ஒன்பது ஐம்பதுக்கு, மச்சினன், தேரையின் டயர் இல்லாத பின் வலது மூலையைத் தோளில் தாங்கியபடி, பின் வலதாகப் பணியில் சேர்ந்தான்.